நாலு மாதமாக முழங்கால் வலி, எந்தக் கட்டத்தில் டாக்டரிடம் போக வேண்டும்?

சேலைப்பிரிவு | ஞாயிறு, இரவு 10:40

வணக்கம். எனக்கு 49 வயது, திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் 11 வருடமாக வேலை. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பது வரை நிற்பதுதான், நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் உட்காருவதோடு சரி. ஆடித் தள்ளுபடி சமயத்தில் வலது முழங்காலில் வலி ஆரம்பித்தது. கூட்டம் குறைந்தால் சரியாகிவிடும் என்று இருந்தேன், இப்போது கார்த்திகை பிறந்துவிட்டது, வலி போகவில்லை.

சமதரையில் நடந்தால் பெரிதாகத் தெரியாது. மாடிப்படி இறங்கும்போதுதான் உயிர் போகிறது. எங்கள் ஸ்டாக் ரூம் இரண்டாவது மாடியில், ஒரு நாளைக்கு எட்டுப் பத்து தடவை ஏறி இறங்க வேண்டும். குத்தவைத்து உட்கார்ந்தால் எழ முடியவில்லை, வாசலில் கோலம் போடுவதை மகளிடம் விட்டுவிட்டேன். காலையில் எழுந்ததும் கால் மரக்கட்டை மாதிரி இருக்கும், பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் இளகிவிடும். மடக்கி நீட்டினால் நறநற என்று சத்தம். சாயங்காலம் லேசான வீக்கம், காலையில் வடிந்துவிடும். காய்ச்சல் இல்லை, கீழே விழவும் இல்லை.

மாமியார் காய்ச்சித் தருகிற தைலத்தைத் தேய்க்கிறேன், வாரம் இரண்டு நாள் முடக்கத்தான் தோசை. ரொம்ப முடியாத நாளில் மெடிக்கலில் சொல்லி ஒரு வலி மாத்திரை வாங்கிப் போடுவேன். முதலில் வாரத்துக்கு ஒன்று என்று இருந்தது, இப்போது தினமும் ஒன்று, முகூர்த்த நாள் கூட்டம் என்றால் இரண்டு.

டாக்டரிடம் போனால் ஜவ்வு தேய்ந்துவிட்டது, ஆபரேஷன்தான் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. லீவு போட்டால் அன்றைய சம்பளம் போய்விடும், மகள் கல்லூரி இரண்டாம் வருடம். இது வயதுக்கு வருகிற வலிதானா, இன்னும் பொறுத்துப் பார்க்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

காலைநடை | திங்கள், காலை 6:15

சகோதரி, நான் கோயம்புத்தூர், வயது 52. எனக்கும் இதே மாதிரிதான் ஆரம்பித்தது. பயந்துபோய் ஒரே மாதத்தில் மூன்று டாக்டர்களைப் பார்த்தேன். முதல் ஆளே எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார், ஜவ்வில் கிழிசல் என்று ரிப்போர்ட் வந்தது, துளை போட்டு சரி செய்யலாம் என்று நாள் குறிக்கிற அளவுக்குப் போய்விட்டது. மூன்றாவதாகப் பார்த்தவர்தான் படத்தை ஓரமாக வைத்துவிட்டுக் காலை மடக்கி, திருப்பி, அழுத்திப் பார்த்து, தொடைத் தசை சுத்தமாக வற்றிப்போயிருக்கிறது, முதலில் மூன்று மாதம் பயிற்சி செய்யுங்கள் என்றார். செய்தேன். ஆறு கிலோ எடையும் குறைத்தேன். இப்போது தினமும் நான்கு கிலோமீட்டர் நடக்கிறேன். அதனால் அவசரப்பட வேண்டாம், கொஞ்சம் பயிற்சி செய்து பார்த்துவிட்டுப் போகலாமே என்பது என் கருத்து.

பிசியோ_மதுரை | திங்கள், மதியம் 2:05

அக்கா, 22 வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். முழங்காலைத் தொட்டுப் பார்க்காமல் இன்னதுதான் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் எப்போது போவது என்ற கேள்விக்கு நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. இந்த வாரமே போங்கள். தினமும் போடுகிற அந்த மாத்திரைக்காகவே போக வேண்டும்.

மெடிக்கலில் முட்டி வலி என்று கேட்டால் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகையில் ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார்கள். இரண்டு மூன்று நாளுக்கு என்றால் பலருக்கு ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் தினமும் போட்டால் வயிற்றில் புண் வரும், சிலருக்கு ரத்தக் கசிவே வரும், ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் பாதிக்கும். இதில் எதுவும் ஆரம்பத்தில் வெளியே தெரியாது. பிரஷர் மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, கடையில் கொடுத்தவரும் கேட்டிருக்க மாட்டார். வாரத்துக்கு ஒன்றாக இருந்தது தினம் இரண்டு வரை வந்திருக்கிறது என்றால் அதுவே போதும், பொறுத்துப் பார்க்கிற கட்டம் முடிந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாராவது இரண்டே நாளில் வலி பறந்துவிடும் என்று பெயர் இல்லாத பொடியோ உருண்டையோ கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்து முகம் ஊதி, சர்க்கரை ஏறி, திடீரென்று நிறுத்தியதும் மயங்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது உங்கள் பயம். 45 வயதுக்கு மேல், வேலை செய்தால் கூடுகிற வலி, காலையில் எழுந்ததும் வரும் இறுக்கம் அரை மணி நேரத்துக்குள் இளகுவது, இந்த மூன்றும் சேர்ந்திருந்து வேறு சந்தேகம் எதுவும் இல்லையென்றால் படம் எடுக்காமலேயே மூட்டுத் தேய்மானம் என்று முடிவுக்கு வரலாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிமுறைகளை வகுக்கிற நைஸ் அமைப்பின் வழிகாட்டியே சொல்கிறது. நீங்கள் எழுதியது அதோடு பெரும்பாலும் பொருந்துகிறது. தேய்மானம் என்று சொல்லிவிட்டாலே ஆபரேஷன் என்று அர்த்தம் கிடையாது. மூட்டு மாற்று என்பது எல்லாச் சிகிச்சையும் பார்த்த பிறகும் நடக்க முடியாமல், ராத்திரி தூங்க முடியாமல் இருப்பவர்களுக்கு. தேய்மானம் வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த மேசைக்குப் போகாமலேயே காலத்தை ஓட்டுகிறார்கள்.

காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, விரல் மூட்டுகளும் சேர்ந்து வீங்கினாலோ அது வேறு கதை. முடக்குவாதமா என்று ரத்தம் பார்க்க வேண்டும், அதில் தாமதித்தால் மூட்டு கோணிப்போகும். சிக்குன்குனியா வந்து போயிருந்தாலும் மாதக்கணக்கில் வலி இருக்கும், கடந்த ஒரு வருடத்தில் காய்ச்சலோடு மூட்டு வலி வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். ஒரே ராத்திரியில் வீங்கி, போர்வை பட்டால்கூட வலித்தால் யூரிக் ஆசிட் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

அன்றைக்கே ஓட வேண்டியவை என்று சில இருக்கின்றன. மூட்டு வீங்கி, சிவந்து, தொட்டால் சுடுகிறது, கூடக் காய்ச்சல் அல்லது நடுக்கம். காலை ஊன்றி நான்கு அடி வைக்க முடியவில்லை. விழுந்தபோதோ திரும்பியபோதோ 'டப்' என்று சத்தம் கேட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் பந்து மாதிரி வீங்கிவிட்டது. மடங்கிய கால் நீளவே மாட்டேன் என்கிறது. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிக்கிறது, இதில் ரத்தக்குழாய் அடைப்புக்குச் சாத்தியம் உண்டு, கூடவே மூச்சுத் திணறலும் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.

நடக்கும்போது முட்டி திடீர் திடீரென்று நழுவி விடுகிறது, ராத்திரி வலி எழுப்புகிறது, காரணம் இல்லாமல் எடை குறைகிறது என்றால் சில நாட்களுக்குள் பார்க்க வேண்டும். இவை எதுவுமே இல்லாத சாதாரண வலியாக இருந்தாலும், ஓய்வும் பயிற்சியும் கொடுத்து ஆறு வாரத்தில் குறையவில்லை என்றால் அதற்கு மேல் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. நீங்கள் 16 வாரம் தாண்டிவிட்டீர்கள்.

காலைநடை அண்ணா சொன்னது எம்ஆர்ஐ விஷயத்தில் சரிதான். நடுத்தர வயதுக்கு மேல் வலியே இல்லாத பலருக்கும் எம்ஆர்ஐயில் ஜவ்வுக் கிழிசல் தெரியும், படத்துக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது. ஆனால் அண்ணா, உங்களுக்குப் பயிற்சி போதும் என்று சொன்னவரும் காலைத் தொட்டுப் பார்த்த டாக்டர்தானே? அந்த முதல் பரிசோதனை அக்காவுக்கு இன்னும் நடக்கவில்லை.

தறிவீட்டுப்பையன் | திங்கள், இரவு 9:30

பிசியோ சார் சொன்ன முதல் அறிகுறியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா குழித்தறியில் 40 வருடம் மிதிபலகை மிதித்தவர், முட்டி வலி அவருக்குப் புதிது கிடையாது. அவருக்குச் சர்க்கரையும் உண்டு. போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை இடது முட்டி வீங்கியது. வழக்கமான வலி என்று நினைத்து நொச்சி ஒத்தடம் கொடுத்தோம், பத்துப் போட்டோம், எண்ணெய் போட்டு நன்றாக நீவியும் விட்டோம். தொட்டால் அனலாகச் சுட்டது. காய்ச்சல் லேசாகத்தான் இருந்தது, அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை காலை அவரால் காலைத் தரையில் வைக்கவே முடியவில்லை.

மருத்துவமனையில் ஊசி போட்டு உறிஞ்சினார்கள், சீழ் வந்தது. அன்று ராத்திரியே தியேட்டருக்குக் கொண்டுபோய் மூட்டைக் கழுவினார்கள், அப்புறம் பல வாரம் ஆன்டிபயாடிக். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்தக் கால் இப்போது பாதிதான் மடங்கும், தறியில் இறங்க முடியாது. வெள்ளிக்கிழமையே வந்திருக்கலாமே, மூட்டுக்குள் கிருமி புகுந்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பை அரித்துவிடும் என்று டாக்டர் சொன்னபோது அம்மா அழுதது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. சர்க்கரை இருப்பவர்களுக்குக் காய்ச்சல் அதிகமாக வராமலேயே இப்படி ஆகலாமாம். நாங்கள் நீவிவிட்டது நல்லது என்று நினைத்துத்தான் செய்தோம். யார் வீட்டிலாவது மூட்டு சுட்டால் தயவுசெய்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்காதீர்கள்.

கடைவீதி | செவ்வாய், இரவு 11:10

அக்கா, நானும் கடைதான், மதுரையில் பாத்திரக்கடை. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

உங்கள் சம்பளம் 21,000க்குள் இருந்து கடையில் ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, பிடித்தம் செய்கிறார்கள் என்றால் ஈஎஸ்ஐ மருந்தகத்தில் காட்டலாம், அங்கிருந்து எலும்பு மருத்துவரிடம் அனுப்புவார்கள், மருந்தும் அங்கேயே. சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள், பிடித்தம் 0.75 சதவீதம்தான் என்பதால் பலர் கவனிப்பதே இல்லை. டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தால், சந்தா நாட்கள் போதுமானதாக இருந்தால், 70 சதவீதச் சம்பளம் வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். முதல் இரண்டு நாளைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், அதனால் ஒரு நாள் ஓபிக்குப் போவதற்குப் பணம் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது, தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை வைக்க வேண்டும் என்று 2021இல் சட்டத் திருத்தம் வந்துவிட்டது, கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு. நாள் முழுக்க நிற்கவே வைக்கக் கூடாது, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார இடம் தர வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். கேரளாவில் நமக்கு முன்பே வந்துவிட்டது. எங்கள் கடையில் ஸ்டூல் போட்டிருந்தும் ஒரு வருடம் யாரும் உட்காரவில்லை, மேனேஜர் முகத்தைப் பார்த்துப் பயம். நான்கு பேர் சேர்ந்து போய்க் கேட்ட பிறகுதான் உட்கார ஆரம்பித்தோம். நீங்கள் தனியாகக் கேட்காதீர்கள், கூட வேலை பார்க்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள். எங்கள் செக்‌ஷனில் முட்டி வலி இல்லாத பெண் ஒருத்திகூடக் கிடையாது, உங்கள் பிரிவிலும் அப்படித்தான் இருக்கும்.

இரண்டுபையன்அம்மா | புதன், காலை 11:20

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் பெரியவனுக்கு 13 வயது, கபடி ஆடுகிறான், இரண்டு மாதமாக முட்டி வலி என்கிறான். முட்டிக்குக் கொஞ்சம் கீழே எலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. வளர்கிற வயதில் வருகிறதுதான் என்று விட்டுவிடலாமா?

பிசியோ_மதுரை | புதன், மதியம் 1:45

விட வேண்டாம் அம்மா, ஒரு தடவை காட்டிவிடுங்கள். ஓடி ஆடுகிற பிள்ளைகளுக்கு இந்த வயதில் முட்டிச் சில்லுக்குக் கீழே தசைநாண் எலும்போடு சேரும் இடத்தில் இழுத்து இழுத்துப் புடைத்துக்கொள்வது உண்டு. ஆட்டத்தைக் குறைத்து, தொடைத் தசையை நீட்டுகிற பயிற்சி செய்தால் பெரும்பாலும் ஆறிவிடும், பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ராத்திரி வலி எழுப்புகிறதா, ஆடாத நாளிலும் வலிக்கிறதா, வீக்கம் நாளுக்கு நாள் பெரிதாகிறதா என்று கவனியுங்கள். இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அரிதுதான், என்றாலும் பிள்ளைகளுக்கு வருகிற எலும்புக் கட்டிகள் அதிகம் வரும் இடம் முழங்காலைச் சுற்றித்தான். நொண்டி நடந்தால் இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள், இடுப்பில் கோளாறு இருந்தும் முட்டி வலிக்கிறது என்று சொல்கிற பிள்ளைகள் உண்டு.

சேலைப்பிரிவு | அடுத்த வாரம் வெள்ளி, இரவு 10:20

எல்லோருக்கும் நன்றி. தம்பி அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அன்றைக்கே முடிவு செய்தேன். சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தால் ஈஎஸ்ஐ பிடித்தம் இருக்கத்தான் செய்கிறது, இத்தனை வருடம் எனக்கே தெரியாது. செவ்வாய்க்கிழமை போனேன், காலை எட்டுக்குப் போய் ஒரு மணிக்கு வெளியே வந்தேன்.

டாக்டரம்மா முதலில் பார்த்தது பிரஷர், 160க்கு 100. எனக்கு பிரஷர் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரியும். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போயிருந்தேன், அதைப் பார்த்ததும் இதை இன்றோடு நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டார், இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் பிரஷர் பார்க்கச் சொன்னார். சர்க்கரை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற கிரியாட்டினின், யூரிக் ஆசிட், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுகிற ஈஎஸ்ஆர் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள், படுத்துக்கொண்டு எடுத்தால் இடைவெளி சரியாகத் தெரியாதாம். உள்பக்கம் லேசாகத் தேய்ந்திருக்கிறது, ஆரம்ப நிலை என்றார். கிரியாட்டினின் நல்லபடியாக இருக்கிறது, அதைக் கேட்டபோதுதான் மூச்சு வந்தது. வியாழக்கிழமையும் பிரஷர் இறங்காததால் அதற்கு மாத்திரை தொடங்கியிருக்கிறார். முட்டிக்குத் தடவ ஜெல், ரொம்ப வலித்தால் பாராசிட்டமால், ஆறு வாரம் பயிற்சி, அப்புறம் வந்து காட்ட வேண்டும். ஆபரேஷன் என்ற பேச்சே வரவில்லை, நானே கேட்டேன், இப்போது எதற்கு அது என்று சிரித்தார். எடை 74 கிலோ, ஐந்து கிலோவாவது குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

கடையில் மூன்று பேராகப் போய் ஸ்டூல் கேட்டிருக்கிறோம், பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

பயிற்சி ஒரு பேப்பரில் படம் போட்டுக் கொடுத்தார்கள். சார், துண்டைச் சுருட்டி முட்டிக்குக் கீழே வைத்து அழுத்துவது செய்யும்போது இடுப்பு தூக்குகிறது, அது சரியா? வலிக்கிறதே என்று ராத்திரி முட்டிக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்கிறேன், அது பரவாயில்லையா?

பிசியோ_மதுரை | சனி, காலை 7:00

ரொம்ப சந்தோஷம் அக்கா. அந்த பிரஷர் இப்போது தெரிந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். அதற்கான மாத்திரையை வலி குறைந்ததும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள், அது தனி.

இடுப்பு தூக்கக் கூடாது. துண்டைக் கொஞ்சம் மெலிதாகச் சுருட்டுங்கள், கால் விரல்களை உங்கள் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு முட்டியின் பின்பக்கத்தால் துண்டை அழுத்துங்கள், தொடையின் முன்பக்கம் கல் மாதிரி இறுக வேண்டும். ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள், பத்துத் தடவை, காலையும் மாலையும். மூச்சைப் பிடிக்காதீர்கள், உங்களுக்கு பிரஷர் இருக்கிறது. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாள் வரை வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

தலையணையை எடுத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க முட்டி மடங்கியே இருந்தால் கொஞ்ச நாளில் கால் முழுதாக நீளாமல் போய்விடும், அப்புறம் நடையே மாறிவிடும். ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முட்டிக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டாக் ரூம் படிக்கட்டில் ஏறும்போது இடது காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கிற வலது காலை முதலில் இறக்குங்கள், கைப்பிடியை விடாதீர்கள். படி இறங்கும்போது முட்டியில் விழுகிற பாரம் உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேலே, அதனால்தான் ஐந்து கிலோ குறைத்தாலே உங்களுக்கு வித்தியாசம் தெரியும். முடிந்தால் சேலைக் கட்டை ஒரே தடவையில் நிறையத் தூக்காமல் இரண்டாகப் பிரித்து எடுத்து வாருங்கள், இல்லை கூட இருக்கிற இளம்பிள்ளைகள் யாரையாவது மேலே அனுப்புங்கள், ஆறு வாரம்தானே. வீட்டில் இந்தியன் கழிப்பறை என்றால் அதன் மேல் வைக்கிற நாற்காலி கிடைக்கிறது, ஒன்று வாங்கிவிடுங்கள்.

ஆறாவது வாரம் காட்டப் போகும்போது எத்தனை பாராசிட்டமால் போட்டீர்கள் என்று ஒரு காகிதத்தில் குறித்து எடுத்துப் போங்கள். இடையில் முட்டி நழுவினாலோ, வீக்கம் வடியாமல் நின்றுவிட்டாலோ ஆறு வாரம் ஆகட்டும் என்று இருக்க வேண்டாம்.

சேலைப்பிரிவு | சனி, காலை 7:25

தலையணையை எடுத்துவிட்டேன் சார். நாற்காலிக்கு இன்று மகளை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். மாமியாருக்கும் இரண்டு முட்டியும் வலிதான், வெளியில் சொல்வதில்லை, அடுத்த தடவை அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.